மொய் மேசையும் உக்கிராண அறையும்: ஒரே வகை மனிதர்கள் ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தன்று அண்ணன் மொய் மேசையில் உட்கார்ந்திருந்தார், நான் உக்கிராண அறையில் இருந்தேன். முகூர்த்தம் முடிந்ததிலிருந்து கடைசிப் பந்திவரை, வந்தவர் ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, ஊர் கேட்டு, தகப்பனார் பேர் கேட்டு அவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் தேங்காயும் வெற்றிலையும் தாம்பூலப் பையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டு, மண்டபத்து வாசல் பக்கமே போகாமல் அந்த நாளைக் கடத்திவிட்டேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அண்ணன் தன் அலுவலகப் பயிற்சி ஒன்றில் மயர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வு எழுதியிருந்தார். என் அலுவலகத்திலும் பிறகு அதையே வைத்தார்கள். இருவருக்கும் வந்தது ஒரே விடை: ஐ.எஸ்.எஃப்.ஜே. கூச்சல் பிடிக்காதவர், விவரங்களை மறக்காதவர், மற்றவர் மனம் கோணாமல் நடப்பவர், ஒத்துக்கொண்ட வேலையை முடிக்காமல் விடாதவர் என்று விளக்கத்தாளில் இருந்தது. படித்தபோது இரண்டு பேருக்குமே பொருந்தியது. கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தபோதுதான் கேள்வி வந்தது. இவரும் நானும் ஒரே வகை என்றால், என்னை அந்த மேசையில் உட்காரச் சொன்னால் ஏன் எனக்குக் கை நடுங்கும்?

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்து வருகிறேன். மனிதர்களை வகை பிரிப்பதையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வகைப் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால், பக்கத்தில் இருக்கும் மனிதரைக் கூடுதலாகப் புரிந்துகொள்ள முடிகிறது. எனக்கு அது நடந்தது.

இந்தத் தேர்வின் வேர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட வகைக் கோட்பாட்டில் இருக்கிறது. மனதின் ஆற்றல் வெளியே பாய்கிறதா, உள்ளே திரும்புகிறதா என்று பார்த்து வெளிமுகம், உள்முகம் எனப் பிரித்தார். அதோடு சிந்தனைக்கு எதிரே உணர்வு, புலனுக்கு எதிரே உள்ளுணர்வு என நான்கு இயக்கங்களைச் சேர்த்தார். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மையாரும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் இதை எடுத்துக்கொண்டு, திட்டமிட்டு வாழ்வதா, வந்தபடி வாழ்வதா என்ற இன்னொரு அச்சையும் சேர்த்தார்கள். நான்கு அச்சு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம், ஆக 16 வகை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, நான்கு எழுத்து சேர்ந்தால் ஒரு வகைப் பெயர். ஐ.எஸ்.எஃப்.ஜே.-யில் வரும் ‘ஐ’ என்பது இன்ட்ரோவர்ட், அதாவது உள்முகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இசபெல் கேள்வித்தாளை உருவாக்கத் தொடங்கினார். யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவும் என்பது அவர் நம்பிக்கை. 1962-இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் அமைப்பு அதை வெளியிட்டது.

உலக மக்கள்தொகை 800 கோடிக்குச் சற்று அதிகம். 16 வகையிலும் சம அளவில் ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு வகைக்கு ஏறத்தாழ 50 கோடிப் பேர். உண்மையில் அப்படிச் சமமாக இல்லை, சில வகைகளில் கூட்டம் அதிகம். எப்படிப் பார்த்தாலும் ஒரு வகைக்குள் சில நாடுகளின் மொத்த மக்கள்தொகையும் அடங்கும். அத்தனை பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ், 34 எடுத்தால் ஃபெயில். 35 எடுத்தவனும் 99 எடுத்தவனும் முடிவுத்தாளில் பாஸ்தான். 34-க்கும் 35-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மதிப்பெண் என்பதை அந்தத் தாள் காட்டாது. ஆளுமைத் தேர்வும் இப்படித்தான் ஒரு கோடு கிழிக்கிறது. உள்முகம்-வெளிமுகம் அச்சில் பலருடைய மதிப்பெண்ணை வரைந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல் என்று வருவதில்லை. நடுவில்தான் ஆட்கள் மிக அதிகம், இரண்டு ஓரமும் மெலிந்துகொண்டே போகிறது. மனிதர்களின் உயரத்தை அளந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அந்தக் குவியலின் நடுவிலேயே கோடு விழுவதால், கோட்டை ஒட்டி நிற்கும் ஒருவரும் கடைக்கோடியில் நிற்கும் ஒருவரும் ஒரே எழுத்தைப் பெறுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு எதிரெதிர் எழுத்து விழுகிறது.

தேர்வை நடத்துபவர்களுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. அந்த எண், நீங்கள் எவ்வளவு உள்முகம் என்று சொல்வதில்லை, உங்கள் சாய்வு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று மட்டுமே சொல்கிறது என்பார்கள். எனக்கு இது நிறைவான பதிலாகப் படவில்லை. தேர்வைத் திரும்ப எழுதினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1990-களில் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். ஐந்து வார இடைவெளியில் மீண்டும் எழுதினால்கூட ஏறத்தாழ பாதிப் பேர் வரை நான்கில் ஒரு எழுத்தாவது மாறி வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று காட்டினார். ஐந்து வாரத்தில் யாரும் வேறு மனிதராகிவிடுவதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த முடிவை வைத்து ஆளை வேலைக்கு எடுக்கவோ ஒதுக்கவோ கூடாது என்று தேர்வை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. அப்படிச் செய்யும் அலுவலகங்கள் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தேன். உள்முகத்தில் அவர் கோட்டை ஒட்டித்தான் இருந்தார். நான் வெகுதூரம் உள்ளே இருந்தேன். ஒரு பாதிக் காரணம் இதிலேயே கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி இதைவிட ருசியானது. ஜாதகம் பார்ப்பவரிடம் போய் ராசியை மட்டும் சொன்னால் விடுவாரா? நட்சத்திரம் என்ன, எத்தனையாவது பாதம், லக்னம் என்ன, இப்போது என்ன தசை என்று கேட்டுக்கொண்டே போவார். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் வேறு விஷயம். ஒரே ராசிக்காரர்கள் ஒன்றுபோல் இல்லை என்பதை நேரில் பார்த்துப் பார்த்துத்தானே அதற்குள் இத்தனை பிரிவுகள் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆளுமைத் தேர்விலும் அதே தேவை வந்தது. மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வின் விரிவான இரண்டாம் படியில் ஒவ்வொரு அச்சையும் ஐந்து கூறுகளாகப் பிரித்து மொத்தம் 20 கூறுகளைப் பார்க்கிறார்கள். உள்முகம்-வெளிமுகம் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டால், தானாகப் போய்ப் பேசுகிறவரா, அடுத்தவர் வந்து பேசக் காத்திருப்பவரா என்பது ஒரு கூறு. மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறவரா, அடக்கி வைக்கிறவரா என்பது இன்னொன்று. பலரோடு பழகுவது பிடிக்குமா, நெருங்கிய சிலர் போதுமா, நேரில் பேசிப் புரிந்துகொள்வாரா, படித்து யோசித்துப் புரிந்துகொள்வாரா, கலகலப்பா, அமைதியா. இப்படி ஐந்து.

இந்த ஐந்தும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று கட்டாயமில்லை. மொத்தத்தில் உள்முகம் என்று வந்தவரும், தானாகப் போய்ப் பேசுவதில் மட்டும் வெளிமுகமாக இருக்கலாம். பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கூறில் குறைந்தது மூன்று ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஒரே எழுத்தை 16 விதமாகப் பெறலாம். நான்கு எழுத்துக்கும் சேர்த்து 16-ஐ நான்கு முறை பெருக்கினால் 65,536. அதாவது ஐ.எஸ்.எஃப்.ஜே. என்ற ஒரே பெயருக்குள் 65,536 விதமான ஆட்களுக்கு இடம் இருக்கிறது. உண்மையான மதிப்பெண் முறை இவ்வளவு எளிமையானது இல்லை, ஆனாலும் அளவு புரிகிறதல்லவா?

இன்னொரு பக்கம், இந்தத் தேர்வு தொடவே தொடாத விஷயங்கள் இருக்கின்றன. அதைச் சொல்ல வேறொரு ஆராய்ச்சி மரபுக்குப் போக வேண்டும். 1936-இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஆங்கில அகராதியை உட்கார்ந்து அலசி, மனிதரைப் பற்றிச் சொல்லப் பயன்படும் சொற்களைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 18,000 தேறின. முக்கியமான குண வேறுபாடு எதுவானாலும் மக்கள் அதற்கு ஒரு சொல்லை உண்டாக்கி வைத்திருப்பார்கள் என்பது இதன் அடிப்படை எண்ணம். பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்து பெரும் பண்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, வெளிமுகம், இணக்கம், மனக்கலக்கம். இன்று ஆளுமை ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் நம்பிப் பயன்படுத்துவது இந்த ஐந்தைத்தான். இதில் வகை என்றே கிடையாது, ஒவ்வொருவருக்கும் ஐந்து அளவுகள் உண்டு, அவ்வளவே. ராபர்ட் மெக்ரே, பால் காஸ்டா இருவரும் 1989-இல் மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வையும் இந்த ஐந்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நான்கு அச்சும் ஐந்தில் நான்கோடு ஓரளவு ஒத்துப்போயின. மனக்கலக்கத்துக்கு மட்டும் அங்கே இணை இல்லை.

எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். சட்டென்று பதறுவது, நடந்ததை நினைத்து இரவெல்லாம் புரள்வது, ஒரு சொல்லுக்கு மனம் நொறுங்குவது எல்லாம் மனக்கலக்கம் என்ற பண்பில் அடங்கும். இது யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று மயர்ஸ்-பிரிக்ஸ் கேட்பதில்லை. அண்ணன் எதற்கும் அசைய மாட்டார். மொய் நோட்டில் ஒரு பேர் விட்டுப்போனால், போய்க் கேட்டு எழுதிக்கொள்வார். நானாக இருந்தால் ஒரு வாரம் தூக்கம் வராது. நான்கெழுத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. ஆனால் கூடவே வாழ்கிறவர்களுக்கு முதலில் தெரிவது இதுதான்.

உள்முகமும் கூச்சமும் ஒன்று இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜொனாதன் சீக், ஆர்னால்ட் பஸ் என்ற ஆய்வாளர்கள் 1981-லேயே இதை எடுத்துக் காட்டினார்கள். சிலருக்கு மனிதர்களோடு பழக ஆசை இருக்கும், ஆனால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பிடித்து இழுக்கும். வேறு சிலருக்குப் பயமே இருக்காது, பழக வேண்டும் என்ற தேவைதான் குறைவாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

தமிழில் பேசாத மனிதருக்கு எத்தனை பேர் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பழகப் பயப்படுகிறவர் சங்கோஜி. உள்ளே இருப்பதை எத்தனை தோண்டினாலும் விடாதவர் அழுத்தக்காரர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் உம்மணாமூஞ்சி. யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர் வாயில்லாப் பூச்சி. பேசாமல் இருந்தே குறும்பு செய்கிறவரிடம் இருப்பது ஊமைக்குசும்பு. இதில் எதுவும் இல்லாமல் சும்மா நிம்மதியாக இருப்பவரை அமைதியான ஆள் என்கிறோம். நம் பாட்டிமார்கள் இந்த ஆறு பேரையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஆளுமைத் தேர்வில் ஆறு பேரும் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தில் போய் விழக்கூடும். அதனால்தான், பள்ளியிலோ வீட்டிலோ ஒரு குழந்தையை ‘அவன் இன்ட்ரோவர்ட்’ என்று சொல்லி அதோடு விட்டுவிடுவதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தப் பிள்ளை நிம்மதியாக இருக்கிறதா, பயந்து போயிருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? முதலாவது என்றால் அதை அதன் போக்கில் விட்டுவிடலாம். இரண்டாவது என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

சரி, எல்லா அளவும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேர் கிடைத்தால்? அப்போதும் அவர்கள் வேறாகலாம் என்பதை வால்டர் மிஷெல், யூய்ச்சி ஷோடா, ஜாக் ரைட் மூவரும் காட்டினார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த கோடைக்கால முகாம் ஒன்றில் 84 குழந்தைகளை ஆறு வாரம் கவனித்தார்கள். ஒரு குழந்தைக்குச் சராசரியாக 167 மணி நேரம் என்ற கணக்கில் பார்த்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் ஒரே அளவு முரட்டுத்தனம் கொண்ட இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொண்டால், ஒன்று சக பிள்ளைகள் சீண்டும்போது பாயும், பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடும். மற்றொன்று பிள்ளைகளின் கேலியைத் தாங்கிக்கொள்ளும், பெரியவர் அதட்டினால் வெடிக்கும். கூட்டிக் கழித்தால் இருவருக்கும் ஒரே சராசரி. எப்போது, யாரிடம் என்பதுதான் வேறு. அந்தப் பாங்கு வாரத்துக்கு வாரம் மாறாமலும் இருந்தது. அதை அவர்கள் அந்தக் குழந்தையின் கையெழுத்து என்றே அழைத்தார்கள்.

இதைப் படித்த பிறகு அண்ணனிடம் கேட்டேன். “எப்படிண்ணே அத்தனை பேர்கிட்டப் பேசுறீங்க?”

“அது என்ன பேச்சும்மா? பேரு, ஊரு, தொகை. அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நடுவுல மேசை வேற இருக்கு. நீ இருந்தியே உக்கிராணம், அங்க என்னால ஒரு மணி நேரம் இருக்க முடியாது. யாரு எப்ப வந்து என்ன கேப்பாங்கன்னே தெரியாது.”

எனக்கு அப்படியே நேர்மாறு. வருகிறவர் வெற்றிலை கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம், முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. கூட்டம் இருவருக்குமே பாரம்தான். அவர் அதை முறைப்படுத்திச் சமாளிக்கிறார், நான் ஒளிந்துகொண்டு சமாளிக்கிறேன்.

ஒரே மனிதருக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. வில்லியம் ஃப்ளீசன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் கையடக்கக் கருவி கொடுத்து ஒரு நாளில் பல முறை, அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லா அளவையும் தொட்டுவிட்டார்கள். அமைதியானவரும் சில நேரம் ஆரவாரமாக இருந்தார். அவரவர் சராசரி மட்டும் நிலையாக நின்றது. கனடா உளவியலாளர் பிரையன் லிட்டில் இதற்குத் தன்னையே சான்றாகச் சொல்வார். மேடையில் கலகலப்பாகப் பேசி மாணவர்களைக் கட்டிப்போடும் அவர், தன்னை ஆழமான உள்முகக்காரர் என்கிறார். உரை முடிந்ததும் தனிமை வேண்டிக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மாணவர்கள் மேல் உள்ள அக்கறைக்காகச் சுபாவத்தைத் தாண்டிப் போகிறோம், அப்புறம் அதற்கு ஓய்வும் தேவைப்படுகிறது என்பது அவர் விளக்கம். அன்று இரவு மண்டபத்து மொட்டை மாடியில் அண்ணன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஏன் இவ்வளவு வேறாகிறோம் என்பது தனிக் கேள்வி. ஆளுமையில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி, ஒரே வீடு என்று நாம் நினைக்கும் பொதுச் சூழலால் வருவதில்லை, அவரவருக்கென்று தனியாக அமைந்த அனுபவங்களால் வருகிறது. ஈரானில் 1974-இல் தலை ஒட்டிப் பிறந்த லாடன், லாலே பிஜானி சகோதரிகளுக்கு மரபணு ஒன்று, வீடு ஒன்று, இருவரும் சேர்ந்து படித்த சட்டப் படிப்பும் ஒன்று. ஒரு நிமிடம்கூடத் தனித்தனியாக இருந்ததில்லை. அப்படியும் லாடன் வக்கீலாக விரும்பினார், லாலே பத்திரிகையாளராக விரும்பினார். தனித்தனி வாழ்க்கை வேண்டும் என்றே 2003 ஜூலையில் சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டார்கள். இருவருமே பிழைக்கவில்லை. அப்போது வயது 29.

டேன் மெக்ஆடம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு மனிதரைத் தெரியும் என்று எப்போது சொல்லலாம் என்று 1995-இல் கேட்டார். பண்புகளைத் தெரிந்துகொள்வது முதல் அடுக்கு, அறிமுகமில்லாதவருக்கும் அது தெரிந்துவிடும். அவர் எதை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எந்த வேடத்தில் எப்படிச் சமாளிக்கிறார் என்பது இரண்டாவது. தன் வாழ்க்கையைத் தனக்குத்தானே எப்படிக் கதையாகச் சொல்லிக்கொள்கிறார் என்பது மூன்றாவது. வகைப் பெயர்கள் எல்லாம் முதல் அடுக்கோடு நின்றுவிடுகின்றன.

அண்ணன் விஷயத்தில் அந்த மூன்றாவது அடுக்கு எனக்கு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது. போன பொங்கலுக்கு வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய மொய் நோட்டுகள் கட்டாகக் கிடைத்தன. எல்லாம் அப்பாவின் கையெழுத்து. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் மொய் எழுத அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். பேருக்குப் பக்கத்தில் அவர் சின்னதாக ஒரு குறிப்பும் போடுவார்: இவர் மாடு விற்ற பணம், இவருக்கு நாம் இன்னும் செய்ய வேண்டும், இவர் உடம்பு முடியாமல் வந்திருக்கிறார். அப்பா தவறிய மறு வருடம் வந்த கல்யாணத்தில் அந்த மேசையில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தபோது, அண்ணன் யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தாராம். அப்போது அவருக்கு வயது 19.

சித்தப்பா மகள் கல்யாண நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். முன்னூறு பேருக்கு மேல் இருந்தது. பல பேருக்குப் பக்கத்தில், பென்சிலில், பொடி எழுத்தில், அதே மாதிரிக் குறிப்பு.